மாட்டியவரே கழற்ற வேண்டும்

எண்ணும் அறை,
மீன் ஏணி, அணையின் வலது கரை.
புதன்கிழமை, சாப்பாட்டு இடைவேளை.

பெருமதிப்பிற்குரிய மாமா அவர்களின் சமூகத்துக்கு, தங்கள் அக்கா மகளும் தங்கள் சிபாரிசால் இந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பவளுமாகிய நான் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே அம்மா சுகம், நான் சுகம், நாற்காலியின் நாலாவது கால் கம்பி சுற்றிய நிலையில் சுமாரான சுகம். மீன்களின் சுகத்தைப் பற்றித்தான் கடிதமே. அங்கே தாங்களும் அத்தையும் தங்களுடைய வலது காதும் சௌக்கியமா என்று அறிய ஆவல்.

காதை ஏன் தனியாக விசாரிக்கிறாள் என்று யோசிக்காதீர்கள், காரணம் பின்னால் வருகிறது. போனிலேயே சொல்லியிருப்பேன். நீங்கள் போனை அந்த வலது காதில் வைத்துக்கொண்டு "ஆங்? ஆங்?" என்பீர்கள், அத்தை பிடுங்கி ஸ்பீக்கரில் போடுவார், பக்கத்து வீட்டுக்கும் சேர்த்து நான் ஒப்பிக்க வேண்டியிருக்கும். இது பக்கத்து வீட்டுக்குப் போகக் கூடாத சமாச்சாரம்.

நான் வேலையில் சேரக் கிளம்பிய அன்று பஸ் நிலையத்தில் வைத்து என்னிடம் மூன்று சத்தியம் வாங்கினீர்கள், நினைவிருக்கிறதா? "எதையும் தொடாதே. யாரையும் எதுவும் கேக்காதே. படிவத்துல குறிப்புன்னு ஒரு கட்டம் இருக்கும், அதுல பேனாவே படக் கூடாது. முப்பத்திரண்டு வருஷம் அந்த அணையில கதவு ஏத்தி இறக்கினவன் சொல்றேன். உனக்கு வாய் நீளம்." மாமா, கேட்கக் கூடாது என்ற சத்தியம் மூன்றாவது வாரமே உடைந்துவிட்டது. குறிப்புக் கட்டம் சென்ற திங்களன்று போனது. தொடக் கூடாது என்ற ஒன்றை மட்டும் கண்ணும் கருத்துமாகக் காப்பாற்றி வருகிறேன். இனியும் காப்பாற்றுவேன். அதற்காகத்தான் உங்கள் உதவியைக் கேட்டு எழுதுகிறேன்.

அம்மா ஊரெல்லாம் "என் மக அணைக்கட்டுல ஆபீசர்" என்று சொல்லி வைத்திருக்கிறாள். ஆபீஸ் என்பது தரைக்குக் கீழே ஏழு படி இறங்கிப் போகும் ஒரு சிமென்ட் பெட்டி. ஒரு நாற்காலி, ஒரு குழல் விளக்கு, சுவரில் டி.வி. அகலத்துக்கு ஒரு தடித்த கண்ணாடி. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மீன் ஏணியின் முப்பதாவது தொட்டி. உங்களுக்குத் தெரியாததா, ஆனால் அத்தை இதைப் பிரித்துப் படிக்கத்தான் போகிறார், அவருக்காகச் சொல்கிறேன். அத்தை, ஆற்றைக் குறுக்கே சுவர் வைத்து மறித்தாயிற்று. முட்டையிட மேலே போக வேண்டிய நாட்டு மீனெல்லாம் சுவரில் முட்டிக்கொண்டு நிற்கிறது. அதற்குப் பரிகாரமாக அணை ஓரத்தில் படிப்படியாக நாற்பத்திரண்டு தொட்டி கட்டி, தண்ணீர் விட்டு, "ஏறிப் போ தாயே" என்று சொல்லியிருக்கிறார்கள். அடுத்தவன் வீட்டை இடித்துவிட்டு, இடிபாட்டின் மேல் ஒரு ஏணியைச் சாத்திவிட்டுப் போன மாதிரி. அதில் கெண்டையும் கெளுத்தியும் விலாங்கும் தொட்டிக்குத் தொட்டி தாவி ஏறும். என் ஜன்னலைத் தாண்டும்போது கட்டைவிரலால் ஒரு பொத்தானை அழுத்துவேன், கருவியில் ஒன்று கூடும். விலங்கியலில் பட்டம் வாங்கியது இந்தக் கட்டைவிரலுக்காக. பாசி படிந்தால் கண்ணாடியைச் சுரண்ட ஒரு இரும்புத் தகடும் கொடுத்திருக்கிறார்கள்.

முதல் இரண்டு வாரம் சந்தோஷமாகவே போனது. பொய் சொல்ல மாட்டேன், இப்போதும் சந்தோஷம்தான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு கெண்டை நின்று வாயைத் திறந்து மூடி நம்மை விசாரிப்பதைப் பார்த்தால் வீட்டு வாடகை, சொந்தக்காரர்களின் "எப்ப கல்யாணம்" எல்லாம் மறந்துவிடும். ஆனால் ஏறும் மீன் எல்லாவற்றையும் அழுத்திக்கொண்டிருக்கும்போது இறங்கும் மீனும் கண்ணில் படத் தொடங்கியது. ஒன்று இரண்டு அல்ல. காலையில் கூட்டமாக ஏறும், சாயங்காலம் அதே கூட்டமாக இறங்கும். பள்ளிக்கூடம் விட்ட மாதிரி. படிவத்தில் மூன்று கட்டம்தான்: தேதி, மேலே சென்றவை, குறிப்பு. இறங்கியதற்குக் கட்டமே இல்லை. உங்கள் காலத்தில் இருந்து கோப்புகளைக் கட்டிக் காக்கிற அதே எழுத்தர், கோப்பு அண்ணன், அவரிடம் போய்க் கேட்டேன்.

"அண்ணா, கீழ வர்றதை எங்க எழுதுறது?"

"கீழ ஏம்மா வருது?"

"தெரியலையே அண்ணா. வருது."

"இதுக்குப் பேரு என்ன? ஏணி. ஏணின்னா ஏறத்தான். இறங்கணும்னா அதுக்கு ஆறு இருக்கு. நீ ஏறுறதை மட்டும் எழுது, இறங்குறது அதுங்க சொந்த விஷயம்."

சொந்த விஷயம்தான் என்று விட்டுவிட்டேன். அப்போதுதான் கிழிசல் வந்தாள். நல்ல முழங்கை நீளக் கெண்டை, வாலின் மேல் பாதி அரைவட்டமாகக் கிழிந்திருக்கும். திங்கள் ஏறினாள், அழுத்தினேன். செவ்வாய் ஏறினாள், அழுத்தினேன். புதன் இரண்டு தடவை. ஆற்றில் இருக்கிற கெண்டைக்கெல்லாம் வால் கிழிகிற வியாதியோ என்று பயந்துபோய் நோட்டில் படம் வரைந்து பார்த்தேன். ஒரே கிழிசல், ஒரே ஆள். இரண்டு வாரத்தில் பதினேழு தடவை மேலே போயிருக்கிறாள், அரசாங்கக் கணக்கில் அவள் பதினேழு மீன். அதற்குப் பிறகு ஒவ்வொன்றாக முகம் பார்க்க ஆரம்பித்தேன். மீசை வளைந்த கெளுத்தி, முதுகில் புள்ளி வைத்த விலாங்கு, ஒற்றைக் கண்ணன். எல்லாரும் பழைய முகங்கள். மாமா, சென்ற ஆண்டு அறிக்கையில் இந்த ஏணியைத் தாண்டிய நாட்டு மீன்கள் அறுபத்தோராயிரம் என்று போட்டிருக்கிறார்கள். பொறியாளர் அறைச் சுவரில் அதைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்கள். என் கணக்குப்படி அது சில நூறு மீன்கள் அறுபத்தோராயிரம் தடவை ஏமாந்த கணக்கு.

அப்படியானால் மேலே என்ன நடக்கிறது? மேல்கரையில் வலை போடும் அக்கா ஒருத்தி சனிக்கிழமைகளில் அணைச் சுவர் நிழலில் வலை பின்னிக்கொண்டிருப்பாள். அவளிடம் எங்கள் பெருமையைச் சொன்னேன். கையில் இருந்த ஊசியை வாயில் கவ்விக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அறுபத்தோராயிரமா? ஏறி வந்து ஆவியாப் போச்சா? என் வலையில பாட்டிலும் ஒத்தைச் செருப்பும்தான் சிக்குது. அதுவும் இடது கால் செருப்பு. வலது கால் வந்தாலாவது போட்டுக்குவேன்."

"நீங்க சரியா வலை போடுறீங்களாக்கா?"

"வாடி, வந்து நீ போடு. பத்து வருஷத்துக்கு மேல ஆச்சு, ஒரு நாட்டுக் கெண்டையைக் கண்ணால பாத்து. என் வீட்டுக்காரர் லாரி ஓட்டப் போனதே அதனாலதான். நீ ஜன்னல் வழியா மீன் பாக்குறே. நான் மீன் இல்லாத தண்ணியைப் பாக்குறேன். ரெண்டு பேருக்கும் ஒரே ஆறு."

அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. திங்கள் மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமல் ஏணி ஓரமாகவே மேலே நடந்தேன். முப்பத்தொன்று, முப்பத்திரண்டு என்று தொட்டிகளை எண்ணிக்கொண்டே போனால் நாற்பத்திரண்டாவது தொட்டியில் மீன்கள் தோளோடு தோள் உரசி நிற்கின்றன, இன்னும் திறக்காத நியாயவிலைக் கடை வரிசை மாதிரி. கிழிசலும் நின்றாள். வயிறு முட்ட முட்டை. தண்ணீர் பக்கத்துக் குழாய் வழியாக வருகிறது, குழாயில் கம்பிவலை, மீன் நுழைய முடியாது. மீன் வெளியேற வேண்டியது நேர் எதிரே உள்ள மேல் கதவு வழியாக. அந்தக் கதவு மூடியிருக்கிறது. நல்ல பச்சைப் பெயிண்டில் பளபளவென்று, சக்கரத்தில் சங்கிலி சுற்றி, சங்கிலியில் பூட்டு மாட்டி, பூட்டுக்கும் பச்சைப் பெயிண்ட் அடித்து, பக்கத்துக் கம்பியில் ஒரு மஞ்சள் அட்டை.

மாமா, தண்ணீர் ஒரு மடக்கு குடித்துவிட்டு மேலே படியுங்கள்.

அட்டையில் எழுதியிருந்தது: "வேலை நடக்கிறது. பெயிண்ட் ஈரம். காய்ந்ததும் திறக்கவும். மாட்டியவரே கழற்ற வேண்டும். மீறினால் நடவடிக்கை." கீழே தேதி, பதினோரு வருடத்துக்கு முந்தையது. அதற்கும் கீழே, ரயில் பெட்டி தடம்புரண்ட மாதிரிச் சாய்ந்து விழும் ஒரு கையெழுத்து. என் மதிப்பெண் அட்டையில் அப்பா ஊரில் இல்லாதபோதெல்லாம் போடப்பட்ட அதே கையெழுத்து. உங்களுடையது.

தேதியைப் பார்த்து விரல் விட்டு எண்ணினேன். நீங்கள் ஓய்வு பெற்றதற்கு முந்தைய நாள். பெயிண்ட் அடித்தீர்கள், பூட்டினீர்கள், அட்டை மாட்டினீர்கள், மறுநாள் உங்களுக்குச் சுவர்க்கடிகாரம் கொடுத்து, கை குலுக்கி, ஜீப்பில் ஏற்றி வீட்டில் இறக்கிவிட்டார்கள். பெயிண்ட் அதற்கடுத்த நாள் காய்ந்தது. உங்கள் கூடத்தில் கடிகாரத்துக்குக் கீழே மாட்டியிருக்கிற பிரிவுபசாரப் படத்தில் உங்கள் முதுகுக்குப் பின்னால் பச்சையாக ஒன்று மின்னுமே, சின்ன வயதில் இருந்து அதை மரம் என்று நினைத்திருந்தேன். அது கதவு.

பூட்டுக்குச் சாவி எங்கே என்றும் எனக்குத் தெரிந்துவிட்டது. சாப்பிட்டதும் சாய்வு நாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டு வலது காதைக் குடைவீர்களே, சின்னப் பித்தளைச் சாவி. "எந்தப் பூட்டோடதுங்க அது?" என்று அத்தை கேட்கும்போதெல்லாம் "எதோ பழைய பெட்டி" என்பீர்கள். மாமா, பதினோரு வருடமாக நீங்கள் குடைந்துகொண்டிருப்பது ஒரு ஆற்றின் கதவை.

கோபப்படாதீர்கள். அந்த அட்டை விதி ஏன் வந்தது என்று எனக்குத் தெரியும். உங்களோடு வேலை பார்த்தவர் கதவுக்குள் கை விட்டு கிரீஸ் தடவும்போது யாரோ சக்கரத்தைச் சுற்றி அவருக்கு இரண்டு விரல் போனது. அதன் பிறகு நீங்கள்தான் சண்டை போட்டு இந்த விதியைக் கொண்டு வந்தீர்கள்: எவன் மாட்டினானோ அவனே கழற்ற வேண்டும், மேலதிகாரியே சொன்னாலும் மற்றவன் தொடக் கூடாது. நல்ல விதி. இந்த அணையில் கீழே இருந்து வேலை செய்கிறவனைக் காப்பாற்ற எழுதிய ஒரே விதி. மாட்டியவன் ஓய்வு பெற்றுவிட்டால் என்ன என்பதை மட்டும் யாரும் எழுதவில்லை.

அன்றைக்கே குறிப்புக் கட்டத்தில் "மேல் கதவு மூடியிருக்கிறது" என்று எழுதினேன். உடனே பொறியாளர் கூப்பிட்டார். நீங்கள் இருந்தபோது பயிற்சிக்கு வந்த அதே ஒல்லிப் பையன்தான், இப்போது ஒல்லி இல்லை.

"குறிப்புல எல்லாம் எழுதுற பழக்கம் எங்க கத்துக்கிட்டே?"

"கட்டம் காலியா இருந்துச்சு சார்."

"கதவு மூடித்தான் இருக்கு. அட்டை மாட்டியிருக்கு. மாட்டினவர்தான் கழட்டணும். ரூல்."

"மாட்டினவர் எங்க மாமா சார். வரச் சொல்லட்டுமா?"

"அவர் ரிடையர்டு. ரிடையர்டு ஆள் கதவைத் தொடக் கூடாது. அதுவும் ரூல்."

"அப்ப யாருதான் சார் திறக்கிறது?"

"அது பரிசீலனையில இருக்கு."

"எத்தனை வருஷமா சார்?"

அவர் கோப்பு அண்ணனைப் பார்த்தார். அண்ணன் கோப்பை விரித்துக் காட்டினார். வருடாந்திர ஆய்வு, பதினோரு தாள். எல்லாத் தாளிலும் ஒரே வரி: "மேல் கதவு: மூடிய நிலை. பூட்டு: உறுதி." ஒவ்வொரு ஆய்வுக்கும் முதல் நாள் கதவுக்குப் புதுப் பெயிண்ட் அடிக்கிறார்களாம். "அப்புறம் எப்படிம்மா திறக்கிறது? காயணும்ல?" என்கிறார் அண்ணன், கொஞ்சமும் சிரிக்காமல்.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற விஷயமாக இருந்தால் உங்களைத் தொந்தரவு செய்திருக்க மாட்டேன். ஆற்றின் மேல் வளைவில் இன்னொரு அணை கட்டப் போகிறார்கள். அதற்கான கோப்பில் முதல் பக்கத்திலேயே எங்கள் அறுபத்தோராயிரம் நிற்கிறது: "நாட்டு மீன் வளம் செழிப்பாக உள்ளது, அணை ஒரு தடையல்ல என்பது நிரூபணம்." அடுத்த மாதம் நிபுணர் குழு வந்து என் ஜன்னலில் நின்று கிழிசல் ஏறுவதைப் பார்த்துக் கை தட்டிவிட்டுப் போகும். அவள் இறங்குவதற்குள் அவர்கள் சாப்பிடப் போயிருப்பார்கள். பிறகு வலைக்கார அக்காவின் வீடு இருக்கிற கரையும் தண்ணீருக்குள் போகும். ஏசி அறையில் உட்கார்ந்து ஆற்றைக் கோடு போட்டுப் பிரிக்கிறவர்களில் ஒருத்தனாவது ஏழு படி இறங்கி, பத்து நிமிடம் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் போதும், மாமா. யாரும் இறங்கவில்லை. ஏறுவதற்குத்தான் கட்டம் இருக்கிறது இவர்களிடமும்.

இதற்கெல்லாம் முன்னால் ஒரு அவசரம். புது வெள்ளம் வந்து மூன்று வாரம்தான் இவர்கள் முட்டை தாங்குவார்கள், ஒரு வாரம் ஓடிவிட்டது. ஆகவே, விதியை மீறாமல் ஒரு யோசனை. ஞாயிற்றுக்கிழமை பார்வையாளர்களை அணைக்குள் விடுகிறார்கள். மீன் ஏணி பார்வையாளர் பாதையிலேயே இருக்கிறது. ஓய்வு பெற்றவர் கதவைத் தொடக் கூடாது, ஆனால் வேடிக்கை பார்க்க வருகிறவரைப் பற்றி விதியில் எதுவும் இல்லை. வருகிற ஞாயிறு வேண்டாம், இந்தக் கடிதம் வந்து சேராது. அடுத்த ஞாயிறு அத்தையைக் கூட்டிக்கொண்டு, தலையில் ஒரு தொப்பி போட்டுக்கொண்டு வாருங்கள். காதுச் சாவியை மறக்க வேண்டாம். மாட்டியவர் வந்து கழற்றினார் என்று நான் எழுதிக்கொள்கிறேன். அதுவரை பூட்டை ஒரு விரலாலும் தொட மாட்டேன். சத்தியம்.

அத்தைக்கு என் அன்பு. அவர் சொன்ன மாப்பிள்ளை பொதுப்பணித் துறை என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். தங்கள் ரத்த அழுத்தமும் இந்த ஆற்றின் நீர்மட்டமும் என்றும் ஏறாமல் இறங்காமல் ஒரே நிலையில் இருக்க வேண்டும் என்று விரும்பும்,

தங்கள் கீழ்ப்படிந்த அக்கா மகள்.

பின்குறிப்பு (அடுத்த செவ்வாய்): தபால்தலை வாங்க மறந்து கடிதம் பையிலேயே கிடந்துவிட்டது. மேலே எழுதியதில் பாதியை அடித்துவிட்டுப் படிக்கவும். சத்தியத்தையும் சேர்த்து.

வியாழன் மதியம், உங்கள் சாவி நுழையுமா, துளையில் பெயிண்ட் அடைத்திருக்கிறதா என்று பார்க்கத்தான் பூட்டைக் கையில் எடுத்தேன். இழுக்கவில்லை மாமா, எடுத்தேன், அவ்வளவுதான். கையோடு வந்துவிட்டது. உள்ளே இரும்பு எப்போதோ துருவாகக் கொட்டிப் போயிருக்கிறது. பதினோரு பூச்சுப் பெயிண்ட்தான் பூட்டு வடிவத்தில் நின்றுகொண்டிருந்தது. "பூட்டு: உறுதி." அத்தனை வருடமும் ஒருத்தனும் அதைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. முட்டை ஓடு மாதிரி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அப்புறம், இவ்வளவு தூரம் வந்தாயிற்று, கண்ணாடி சுரண்டும் தகட்டால் கதவு ஓரத்துப் பெயிண்டைச் சுரண்டினேன். சக்கரம் அசையவில்லை. பின்னால் யாரோ தொண்டையைச் செருமினார்கள். கோப்பு அண்ணன்.

"நான் எதையும் பாக்கலை," என்றார்.

"சரிங்கண்ணா."

"பாக்காமலேயே ஒரு கை பிடிக்கிறேன். கையெழுத்து மட்டும் கேக்காதே."

இரண்டு பேரும் தொங்கினோம். கதவு மூன்று விரல் ஏறியது, அப்புறம் ஒரு முழம். கிழிசல் இரண்டு மணி நாற்பதுக்குப் போனாள். ஒரு நிமிடம் வாசலில் நின்று யோசித்தாள், பதினேழு தடவை ஏமாந்தவள் அல்லவா, பிறகு வாலை ஒரு அடி அடித்தாள், காணோம்.

இப்போது பிரச்சினை. ஏறியவர்கள் இறங்கவில்லை, அதனால் மறுபடி ஏறவும் ஆளில்லை. புதன் நானூற்றுப் பன்னிரண்டு, வெள்ளி தொண்ணூற்றாறு, சனி முப்பத்தொன்று, நேற்று ஒன்பது. இன்று காலை எனக்கு மெமோ வந்திருக்கிறது: "எண்ணுபவரின் அலட்சியத்தால் நாட்டு மீன் வளம் நான்கே நாளில் பெருமளவு அழிந்துள்ளது. விளக்கம் தரவும்." குழு வரும் நேரத்தில் ஒன்பதா என்று பொறியாளர் தலையில் கை வைத்து உட்கார்ந்திருக்கிறார். படிவத்தின் ஒரு நகல் நேராகக் குழுவுக்குப் போகும், அதுவும் ரூல். குறிப்புக் கட்டத்தில் எழுதிவிட்டேன்: "கதவு திறந்தது. ஒன்பதும் புதிய முகங்கள். பழையவர்கள் போய்ச் சேர்ந்தார்கள்." கோப்பு அண்ணன் படிக்காமலே முத்திரை குத்தி அனுப்பினார். படிக்காதது போலத்தான் குத்தினார். வேலை இருக்குமா, அணை வருமா, இரண்டும் தெரியாது. ஆனாலும் நேற்று முழுக்க அந்தக் காலி ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நாற்காலியின் நாலு காலும் சரியாக இருக்கிறவள் மாதிரி நிம்மதியாக உட்கார்ந்திருந்தேன்.

சனிக்கிழமை வலைக்கார அக்கா அணைச் சுவர் மேல் நின்று கத்தினாள்: "ஏய் ஜன்னல்காரி! ஆவியெல்லாம் மீனாயிடுச்சுடி! வால் கிழிஞ்சவ ஒருத்தி வந்தா, வயித்துல முட்டை. விட்டுட்டேன். அவளைப் பிடிச்சா அடுத்த வருஷம் வலைக்கு என்ன வேலை?"

ஆகவே சாவி இனி தேவையில்லை. ஆனாலும் ஞாயிறு அவசியம் வாருங்கள். விழுந்தது பூட்டு மட்டும்தான். மஞ்சள் அட்டை இன்னும் கம்பியில்தான் தொங்குகிறது, அதன் மேல் மட்டும் என் விரல் படவில்லை, அண்ணனையும் தொட விடவில்லை. அது உங்கள் விதி, இரண்டு விரல் கொடுத்து வாங்கியது. மாட்டியவரே வந்து கழற்றுங்கள்.

சாவியை ஆற்றில் போட்டுவிடலாம். காதுக்கும் நல்லது.